எண்ணூர் நெருப்பும் மயிலை விளக்கும்

மயிலாப்பூர் மாட வீதிகளில் பங்குனித் திருவிழாவின்போது எரியும் விளக்குகளைக் காண்போர், அவ்விளக்குகளுக்கான நெருப்பு எங்கே மூட்டப்பட்டது என்று கேட்பதில்லை. அகல் விளக்காயின் அக்கேள்விக்கே இடமில்லை. எண்ணெயும் திரியும் கண்ணெதிரே இருக்கின்றன. மின்விளக்கின் நெருப்போ நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. நகரத்தின் வடகோடியைத் தாண்டி, எண்ணூருக்கும் அப்பால், அத்திப்பட்டுக் கடற்கரையில், மயிலையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் அது இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கிறது. காற்றாலைகளும், சூரிய ஒளித் தகடுகளும், மேட்டூர் முதலிய அணைகளும், கல்பாக்கத்து அணு உலைகளும் தத்தம் பங்கை ஒரே கம்பி வலையிற் சேர்க்கின்றன என்பது உண்மையே. ஆயினும் வெயில் சாய்ந்து காற்றும் ஓய்ந்த முன்னிரவிலே சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது நிலக்கரிதான்.

அந்த நிலக்கரியில் அடங்கிய வெப்பத்தை 100 பங்காகக் கொண்டால், அவற்றுள் எத்தனை பங்கு கம்பியில் ஏறுகிறது? இவ்வொரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே நமது நகரத்தின் மின்சார வரலாற்றைச் சொல்லிவிடலாம். போர்களையும் பட்டங்களையும் ஆண்டு தவறாமல் ஒப்பிக்கும் மாணவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஓர் எண் எவ்வாறு 3-லிருந்து 10 ஆகி, 10-லிருந்து 30 ஆகி, 40-ஐ எட்டியது என்பதும் வரலாறுதான் என்று அவர்களுக்குச் சொல்வது வழக்கம். சிலர் நம்பினார்கள்.

சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895-ஆம் ஆண்டில். இந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் அதுவே. குதிரை இல்லாமல் வண்டி ஓடுவதைக் கண்டு ஊரே வியந்தது. மயிலாப்பூர்வாசிகளுக்கு 1953-இல் அது நிறுத்தப்படும் வரையில் டிராம் மணியின் ஓசை நாளின் ஓசைகளுள் ஒன்றாக இருந்தது. வீடுகளுக்கும் வீதிகளுக்கும் மின்சாரம் வழங்கும் பணியைச் சென்னை மின்சார விநியோகக் கார்ப்பொரேஷன் என்னும் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகள் முடிவதற்குள் பேசின் பாலத்தருகே நிலக்கரியை எரிக்கும் மின்நிலையம் ஒன்றை அக்கம்பெனி எழுப்பியது. 1947-இல் அரசாங்கம் அதனைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. 1957-இல் மின்வாரியம் தோன்றியபின் நிலையம் வாரியத்தின் பொறுப்பாயிற்று. மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தபோது, அப்புதிய நகரின் கம்பங்களுக்கு ஒளி தந்த நெருப்பு பேசின் பாலத்து நெருப்பே. கோடம்பாக்கத்தில் 'பவர் ஹவுஸ்' என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. பெயரைக் கேட்டு மின்சாரம் அங்கேதான் பிறக்கிறது என்று எண்ணுவோர் உளர். அங்கிருப்பது வந்த மின்சாரத்தை அழுத்தம் குறைத்துப் பங்கிடும் துணை மின்நிலையமே.

பேசின் பாலத்தில் நெருப்பு மூட்டிய காலத்தில், உலகிலுள்ள நல்ல நீராவி மின்நிலையங்களே நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைச் சுற்றித்தான் மின்சாரமாக மாற்றின. எஞ்சிய தொண்ணூறு பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்கும் குளிர்நீர் வழியாக வாய்க்காலுக்கும் சென்றது. இதைக் கேட்டு அக்காலத்துப் பொறியாளர்களைப் பழித்தல் தகாது. 1882-இல் நியூயார்க் நகரத்துப் பேர்ல் தெருவில் எடிசன் அமைத்த நிலையத்தில் கிடைத்தது 3 பங்குக்கும் குறைவு. 1712-இல் நியூகோமன் என்னும் ஆங்கிலேயர் சுரங்க நீரை இறைப்பதற்கு அமைத்த பொறியிலோ ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. ஆகவே பத்து என்பது இரு நூற்றாண்டு உழைப்பின் பயன்.

அவ்வுழைப்பில் இரண்டு பெயர்களை மட்டும் சொல்கிறேன். முதலாமவர் ஜேம்ஸ் வாட். நியூகோமன் பொறியில், நீராவி நிறைந்த அதே உருளைக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சி ஆவியை ஒடுக்குவார்கள். அடுத்த முறை ஆவி புகும்போது அதன் பெரும்பகுதி குளிர்ந்துபோன உருளையைச் சூடாக்குவதிலேயே செலவழிந்துவிடும். ஆவியை ஒடுக்குவதற்குத் தனியே ஒரு கலன் வேண்டும் என்று வாட் கண்டார்; 1769-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 'கண்டென்சர்' என்று இன்று எந்த மின்நிலையத்திலும் காண்கிற பகுதி அக்கலனின் வழித்தோன்றலே. அதைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது. நம் ஊருக்கென்று தனிக்கதை ஒன்று அதனுள் இருக்கிறது.

இரண்டாமவர் சாதி கார்னோ என்னும் பிரெஞ்சு இளைஞர். 1824-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அன்று அதைப் படித்தவர் மிகச் சிலர். 1832-இல், தம் முப்பத்தாறாம் வயதில், காலரா நோயால் இறந்தார். வெப்பம் வேலை செய்யவேண்டுமாயின் அது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குச் சென்றாக வேண்டும்; கிடைக்கக்கூடிய வேலையின் உச்ச அளவு அவ்விரு இடங்களின் வெப்பநிலைகளையே பொறுத்தது; நீராவியோ காற்றோ எதைப் பயன்படுத்தினாலும் இவ்வுண்மை மாறாது என்பதே அவர் கண்டது. அருவி நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு வேலை தரும் அல்லவா? வெப்பமும் அவ்வாறே 'விழுந்து' வேலை தருகிறது. மேலிடம் கொதிகலன்; கீழிடம் கண்டென்சர். மேலிடத்தை உயர்த்துவது ஒரு வழி, கீழிடத்தைத் தாழ்த்துவது மற்றொரு வழி, இடைவழியில் சிந்துவதைக் குறைப்பது மூன்றாவது வழி. இருநூறு ஆண்டுகளாகப் பொறியாளர்கள் செய்தது இம்மூன்றும்தான்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். வெப்பநிலையைத் தனிப் பூச்சியத்திலிருந்து, அதாவது பனிக்கட்டி உருகும் நிலைக்கு 273 பாகை கீழிருந்து, எண்ணவேண்டும். ஆவியின் வெப்பம் 540 பாகை என்றும், கண்டென்சரின் வெப்பம் 45 பாகை என்றும் கொண்டால், மேலிடம் 813, கீழிடம் 318. கார்னோ விதிப்படி உச்ச அளவு நூற்றுக்கு 61 பங்கு. ஆனால் 540 பாகை ஆவியைக் கொண்ட நல்ல நிலையமும் 37 அளவில்தான் தருகிறது. இடையிலுள்ள வேறுபாடு எங்கே போயிற்று? ஒரு பகுதி புகையோடும் உராய்வோடும் போயிற்று. பெரும்பகுதியோ வெப்பம் முழுவதையும் 540 பாகையிலேயே நீருக்கு ஊட்ட இயலாமையாற் போயிற்று. கண்டென்சரிலிருந்து திரும்பும் நீர் வெதுவெதுப்பானது. அதனைச் சூடாக்கிக் கொதிக்கச் செய்வதற்கே ஊட்டும் வெப்பத்தின் பெரும்பகுதி தாழ்ந்த நிலைகளிற் செலவாகிவிடுகிறது. அருவியின் நீரெல்லாம் மலையுச்சியிலிருந்து விழவில்லை. பாதி நீர் நடுச்சரிவிலிருந்து விழுகிறது என்று கொள்ளலாம்.

இதற்கு மாற்றுக் கண்ட விதம் நம் சமையலறைக்கு மிக அணுக்கமானது. பழைய வீடுகளில் அடுப்புக்கு அருகே கொடியடுப்பு ஒன்று இருக்கும். பெரிய அடுப்பில் சோற்றுப்பானை கொதிக்கும்போது, அதனைத் தாண்டி வரும் அனல் துளை வழியாகக் கொடியடுப்பில் ஏறி, அங்கே வைத்த பாத்திரத்து நீரைச் சூடாக்கும். உலையில் நீர் வற்றினால் அந்த வெந்நீரை எடுத்து ஊற்றுவார்கள். கொதி அடங்காது, விறகும் கூடுதலாகச் செலவாகாது. 1845-இல் எட்வர்டு கிரீன் என்னும் ஆங்கிலேயர், புகைபோக்கிக்குச் செல்லும் அனலின் வழியிலே நீர்க்குழாய்களை நிறுத்தி, கொதிகலனுக்குச் செல்லும் நீரை முன்கூட்டியே சூடாக்கக் காப்புரிமை பெற்றார். 'எகனாமைசர்', அதாவது சிக்கனம் செய்வது, என்று அதற்குப் பெயரிட்டனர். நம் பாட்டிமார் அதற்குக் காப்புரிமை கேட்டதில்லை.

இதனினும் நுட்பமான வழி ஒன்று 1920-களில் மின்நிலையங்களிற் பரவியது. ஒரு கிலோ நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த 100 கிலோ கலோரி வெப்பம் போதும். அந்நீரையே ஆவியாக்க மேலும் 540 கிலோ கலோரி தேவை. ஆவி தன் வேலையை முடித்துக் கண்டென்சரை அடையும்போது, இந்த உள்ளுறை வெப்பத்தின் பெரும்பகுதி இன்னும் அதனிடமே இருக்கிறது. ஒவ்வொரு கிலோ ஆவியும் 500 கிலோ கலோரிக்கு மேல் கடல்நீரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நீராகிறது. நிலக்கரியின் பெரும்பங்கு கடலிற் கரைவது இவ்விடத்திலேதான். ஆகவே, ஆவி முழுவதையும் கண்டென்சர் வரை போகவிடாமல், டர்பைன் என்னும் சுழலியின் நடுவழியிலேயே சிறிது சிறிதாக எடுத்து, கொதிகலனுக்குத் திரும்பும் நீரைச் சூடாக்கப் பயன்படுத்தினால் என்ன என்று எண்ணினார்கள். நடுவழியில் எடுக்கப்பட்ட ஆவி செய்யக்கூடிய எஞ்சிய வேலை நமக்கு இல்லாமற் போகிறது. ஆனால் அதன் உள்ளுறை வெப்பம் முழுவதும் கடலுக்குப் போகாமல் கொதிகலனுக்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் இலாபமே. இன்றைய பெரிய நிலையங்களில் இத்தகைய நீர்ச்சூடாக்கிகள் ஆறு முதல் எட்டு வரை வரிசையாக நிற்கும். கொதிகலனுக்குள் நுழையும் முன்பே நீர் 240 பாகைக்கும் மேலே சென்றுவிடும்.

மூன்றாவது உபாயம் ஆவியை மீண்டும் சூடாக்குவது. ஆவி சுழலியில் விரிந்து செல்லச் செல்லக் குளிர்ந்து ஈரமாகும். ஈரத்திலுள்ள நீர்த்துளிகள் மிகுந்த வேகத்தில் சுழலும் இறகுகளை மணல்போல் அரித்துவிடும். ஆகவே பாதி வேலை முடிந்த ஆவியைக் கொதிகலனுக்கே திருப்பியனுப்பி, மறுபடி சூடேற்றி, எஞ்சிய இறகுகளின்மேல் விடுகிறார்கள். இறகுகளும் பிழைக்கின்றன, வெப்பம் ஊட்டப்படும் சராசரி நிலையும் உயர்கிறது. இம்முறையையும் 1920-களிலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆண்டு பார்த்தனர். நிலைபெற்றது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே.

இக்கலைகளைக் கற்பிக்கும் கூடங்கள் நகரத்தின் தென்பாகத்திலேயே அமைந்தன. கிண்டிப் பொறியியற் கல்லூரி 1920-இல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. 1959-இல், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு, அடையாற்றுக்கு அணித்தாக இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது. அக்காலத்தில் மயிலையிலிருந்து இவ்விடங்களுக்குச் சைக்கிளில் சென்ற மாணவர்களின் கையில் 'ஸ்டீம் டேபிள்' என்னும் மெல்லிய நூல் இருக்கும். எந்த அழுத்தத்தில், எந்த வெப்பத்தில், ஒரு கிலோ ஆவியில் எவ்வளவு வெப்பம் அடங்கும் என்பதன் அட்டவணை அது. எழுத்தே இல்லாமல் எண்களால் மட்டும் நிறைந்த புத்தகத்தை அவ்வளவு பத்திரமாகப் போற்றும் மாணவர்களை வேறெந்தத் துறையிலும் நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டுக்கு இக்கல்வி வெறும் ஏட்டுப் படிப்பாக இருக்கவில்லை. நம் மாநிலத்தில் கருநிலக்கரி கிடையாது. பைக்காரா, மேட்டூர், பாபநாசம் ஆகிய இடங்களின் நீர்வீழ்ச்சிகள் 1930-களிலும் 40-களிலும் நமக்குக் கைகொடுத்தன; மழை பொய்த்த ஆண்டுகளில் அவை கைவிரித்தன. நெய்வேலியில் கிடைத்தது பழுப்பு நிலக்கரி. எடையில் ஏறக்குறைய பாதி நீர். எரியும் வெப்பத்தில் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்குவதற்கே செலவாகும். ஆயினும் அது நம் மண்ணில் கிடைத்தது. 1956-இல் நெய்வேலி நிறுவனம் பிறந்தது. சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் திறன் கொண்ட அந்நிலையம் ஏறக்குறைய அறுபது ஆண்டு உழைத்து 2020-இல் ஓய்வு பெற்றது. அதனருகே 500 மெகாவாட் பொறிகள் இரண்டு கொண்ட புதிய நிலையம் அதன் இடத்தை ஏற்றது.

எண்ணூர் நிலையத்தின் கதை வேறு. 1970-க்கும் 1975-க்கும் இடையில் 60 மெகாவாட் பொறிகள் இரண்டும், 110 மெகாவாட் பொறிகள் மூன்றும் அங்கே நிறுவப்பட்டன. அவற்றுக்கு வேண்டிய நிலக்கரி வடநாட்டுச் சுரங்கங்களிலிருந்து வரவேண்டும். ரயிலில் கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்கு வந்து, கப்பலேறித் தெற்கே வந்து, மீண்டும் இறக்கப்பட்டு வந்தது. இதற்காகவே 1974-இல் பூம்புகார்க் கப்பற் கழகம் அமைந்தது. தமிழ் அண்ணா, தமிழ்ப் பெரியார், தமிழ்க் காமராஜ் என்று பெயர் சூட்டிய கப்பல்கள் நிலக்கரி சுமந்தன. பழைய பூம்புகாரின் கப்பல்கள் மிளகும் முத்தும் ஏற்றின என்று பாடம் சொல்லும் ஆசிரியனுக்கு, புதிய பூம்புகாரின் சரக்கு கரி என்பது சிறிது வேடிக்கையாகத்தான் இருந்தது. இவ்வளவு பயணம் செய்து வந்த கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு கடலிலும் வானத்திலும் கரைவதென்றால், அந்த எழுபதை அறுபதாக்கும் முயற்சிக்கு இங்கே எவ்வளவு மதிப்பு என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம்.

எண்ணித்தான் பார்ப்போமே. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். ஒரு கிலோ நிலக்கரி 4,000 கிலோ கலோரி தருவதாகக் கொள்வோம். நூற்றுக்கு 30 பங்கு பெறும் நிலையம் ஒரு யூனிட்டுக்கு 720 கிராம் கரி எரிக்கும். 40 பங்கு பெறும் நிலையம் 540 கிராம் எரிக்கும். வேறுபாடு 180 கிராம். ஒரு கைப்பிடிக் கரி. 800 மெகாவாட் பொறி ஒன்று முழுச்சுமையில் ஒரு நாள் ஓடினால் 1 கோடியே 92 இலட்சம் யூனிட். அக்கைப்பிடிகள் சேர்ந்து நாளொன்றுக்கு 3,400 டன்னுக்கு மேலாகின்றன. ஒரு முழுச் சரக்கு ரயில், ஒவ்வொரு நாளும். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு சாம்பல் ஆதலால், அந்த ஒரு ரயில் வராதிருந்தால் 1,200 டன் சாம்பலும் பிறக்காது.

மேலிடத்தை உயர்த்துவதற்கு ஆவியின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கூட்டவேண்டும். அதற்கு எல்லை வகுப்பது உருக்கு. செஞ்சூட்டை நெருங்கும் வெப்பத்தில், உள்ளே பெரும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிற்கும் குழாய், கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக நீண்டு மெலியும். உருக்கு நூலாளர் இதனை 'ஊர்தல்' என்பர். ஒரு நாள் அது வெடிக்கும். எனவே குழாய் செய்யத் தெரிந்தவனே மின்நிலையத்தின் விதியை நிருணயிக்கிறான். திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் 1965-இல் உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை தோன்றியது. நாடெங்குமுள்ள அனல்மின் நிலையங்களுக்கு அங்கிருந்தே கொதிகலன்கள் சென்றன. அத்திப்பட்டில் 1994-க்கும் 1996-க்கும் இடையில் இயங்கத் தொடங்கிய வடசென்னை நிலையத்தின் 210 மெகாவாட் பொறிகள் மூன்றும், வளியழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 150 மடங்கு அழுத்தமும் 535 பாகையை ஒட்டிய வெப்பமும் உள்ள ஆவியைக் கொண்டவை. பழைய எண்ணூர்ப் பொறிகளைவிட அவை கரியை மிச்சப்படுத்தின. பழைய நிலையமோ முதுமையால் தளர்ந்து, 2017-ஆம் ஆண்டு மார்ச்சில் மூடப்பட்டது.

அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே சென்றால் விந்தையான ஓர் எல்லை வருகிறது. வளியழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 220 மடங்கில், 374 பாகையில், நீருக்கும் ஆவிக்கும் உள்ள வேறுபாடே மறைந்துபோகிறது. கொதித்தல் என்ற நிகழ்ச்சி அங்கே இல்லை, குமிழி இல்லை, உள்ளுறை வெப்பம் இல்லை. நீர் சூடேறச் சூடேறத் தானே ஆவியின் தன்மையை அடைகிறது. இவ்வெல்லைக்கு மேலே இயங்கும் கொதிகலனை மார்க் பென்சன் என்பவர் 1920-களிலேயே வகுத்தார். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துப் பைலோ நிலையம் 1957-இல் அதனை வாணிக அளவில் நடத்திக் காட்டியது. இந்தியாவுக்கு அது வர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 2010-இல் குஜராத்து மாநிலத்து முந்திராவில் முதற் பொறி இயங்கியது. சென்னைக்கு அருகே அத்திப்பட்டில், வடசென்னை நிலையத்தின் மூன்றாம் கட்டமான 800 மெகாவாட் பொறி 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் மின்வலையோடு இணைந்தது. நூற்றுக்கு 40 என்ற எண்ணை ஒட்டி நிற்கும் வகுப்பைச் சேர்ந்தது அது.

அதற்கு மேலே? கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும், திருச்சித் தொழிற்சாலையை உடைய பாரத மிகுமின் நிறுவனமும், தேசிய அனல்மின் கழகமும் கூடி, 700 பாகைக்கு மேற்பட்ட ஆவியைத் தாங்கும் நிக்கல் கலப்பு உலோகக் குழாய்களை ஆக்கியுள்ளன. அவற்றைக் கொண்டு 46 பங்கு பெறலாம் என்பது குறிக்கோள். உலோகம் ஆயத்தமாயிருக்கிறது, அதன் விலைதான் மலைக்க வைக்கிறது.

பேசின் பாலத்தைப் பற்றி ஒரு சொல். அங்கிருந்த நிலக்கரி நிலையம் 1980-களில் முடிவுக்கு வந்தது. அதே இடத்தில் 1996-இல் 30 மெகாவாட் எரிவளிச் சுழலிகள் நான்கு நிறுவப்பட்டன. வேண்டும்போது விரைவில் இயக்கலாம் என்பது அவற்றின் நற்குணம். ஆனால் அத்தகைய சுழலியிலிருந்து வெளியேறும் புகை 500 பாகை அளவில் இருக்கும். கோவில்களப்பாலில் 2001 முதல் செய்வதுபோல், அப்புகையைக் கொண்டு நீராவி எடுத்து மற்றொரு சுழலியை ஓட்டலாம். பேசின் பாலத்தில் அது செய்யப்படவில்லை. சென்னைக்கு நீராவி மின்சாரம் தந்த இடத்திலேயே, ஆவி எடுக்கத்தக்க அனல் வானத்துக்குப் போகிறது.

இனிக் கீழிடத்துக்கு, கண்டென்சருக்கு, வருவோம். நம் ஊரின் தனிக்கதை என்று முன்னே சொன்னேன் அல்லவா? கண்டென்சர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு வெற்றிடம் அதனுள்ளே உண்டாகும். ஆவி அவ்வளவு ஆழமாக விழும். 25 பாகையில் ஆவியின் அழுத்தம் வளியழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்கு. 45 பாகையில் அது மூன்று மடங்காகிறது. டென்மார்க்கில் 1998-இல் எழுந்த நோர்ட்யுலண்ட் நிலையம் நிலக்கரியில் 47 பங்கு பெற்றுப் புகழடைந்தது. அங்கே திறமையோடு குளிர்ந்த கடல்நீரும் சேர்ந்துகொண்டது. 540 பாகை ஆவியை 25 பாகைக் கண்டென்சரில் விழவிட்டால் கார்னோ எல்லை 63-ஐத் தாண்டுகிறது. 45 பாகைக் கண்டென்சரை வைத்துக்கொண்டு அதே எல்லையை அடையவேண்டுமானால் ஆவியை ஏறக்குறைய 55 பாகை கூடுதலாகச் சூடாக்கவேண்டும். அவர்களுக்குக் கடல் இனாமாகத் தருவதை நாம் விலையுயர்ந்த உருக்கைக் கொண்டு வாங்கவேண்டியிருக்கிறது.

வெதுவெதுப்பான கடலில் உயிர்களும் செழிக்கின்றன. கல்பாக்கத்தில் கடல்நீர் எடுக்கும் வழிகளில் பச்சைச் சிப்பிகளும் கொட்டலசுகளும் ஒட்டி வளர்வதும், சில பருவங்களில் சொறிமீன் கூட்டம் வந்து வலைகளை அடைப்பதும் விஞ்ஞானிகள் பல்லாண்டு ஆராய்ந்த செய்தி. குழாய்ச் சுவரில் மெல்லிய படலம் படிந்தாலே வெப்பம் கடலுக்குச் செல்வது தடைப்படும், வெற்றிடம் குறையும், கரி கூடும். எங்கேனும் ஊசிமுனைத் துளை வழியாகக் காற்று உட்புகுந்தாலும் அதே நட்டம். கோடிக்கணக்கில் செலவிட்டு உயர்த்திய மேலிடத்தின் பயனை, துலக்காத குழாய்கள் சில மாதங்களில் தின்றுவிடும். 2012-இல் நடுவணரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு, பெரிய நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் சிக்கன இலக்கு வகுத்தபோது, இத்தகைய சிறு கவனிப்புகளுக்கும் கணக்கில் இடம் உண்டாயிற்று.

கடல் ஏற்றுக்கொள்ளும் வெப்பம் ஒருவருடைய வாசலிலே கொட்டப்படுகிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம், இறாலுக்கும் நண்டுக்கும் பெயர்பெற்ற நீர்நிலை. காட்டுக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. அந்நீரில் வெந்நீர் கலந்தது; சாம்பலைக் கொண்டுசெல்லும் குழாய்கள் உடைந்து சாம்பற் குழம்பு படிந்தது; வழக்குகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றன. தியாகராய நகரில் ஒரு வீட்டுக் குளிர்சாதனம் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 33 பெறும் நிலையத்தில் அதற்கு 8 கிலோ அளவில் கரி வேண்டும். அதிலிருந்து 3 கிலோ அளவில் சாம்பல் பிறக்கும். மின்கட்டணச் சீட்டில் யூனிட்டுக்கு மட்டுமே விலை இருக்கிறது. சாம்பலின் விலையைக் காட்டுக்குப்பத்தார் தனியே செலுத்திவந்தனர். 33-ஐ 40 ஆக்கினால் அந்த விலை முற்றிலும் நீங்கிவிடாது. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். நீராவி நூல் தரக்கூடியது அவ்வளவே. எஞ்சியதைத் தருவது சாம்பற் குழாயைப் பழுதுபார்ப்பவரின் கடமை உணர்ச்சியே.

நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணியில் இருப்பவர் அடிக்கடி நோக்கும் கருவிகளுள் ஒன்று கண்டென்சரின் வெற்றிடத்தைக் காட்டும் மானி. மார்கழி, தை மாதங்களில் கடல்நீர் 26, 27 பாகை அளவில் இருக்கையில் அம்மானி நல்ல கணக்குக் காட்டும். சித்திரை வந்து கடல்நீர் 30 பாகையை நெருங்கும்போது வெற்றிடம் குறைந்து, அதே கரிக்குக் கிடைக்கும் யூனிட்டுகளும் குறையும். உஸ்மான் சாலைத் துணிக்கடைகளும், மயிலை, அடையாற்று வீடுகளும் தம் குளிர்சாதனங்களை முழு மூச்சில் இயக்குவதும் அதே வாரங்களில்தான். 2024-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டிய நாளும் அத்தகைய வெக்கை நாட்களுள் ஒன்றே.